புதிய நாட்டில் காலூன்றுதல்: மீள்திறனில் பேச்சுக்குள்ள பங்கு

ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி, 2024ஆம் ஆண்டின் நடுவில் சொந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 30.4 கோடிப் பேர். வேலை தேடிப் போனவர்கள், படிக்கப் போனவர்கள், மணமுடித்துப் போனவர்கள், போருக்கு அஞ்சி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் என இவர்கள் பல வகையினர். ஆயினும் போய்ச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லோருக்குமே ஒரு சிரமம் பொதுவாக இருக்கிறது. முன்பு யோசிக்காமலே செய்துவந்த காரியங்களை, வங்கியில் கணக்குத் தொடங்குவதிலிருந்து பக்கத்து வீட்டாரிடம் என்ன பேசுவது என்பது வரை, இப்போது யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இதில் சிலர் ஒடுங்கிப்போகிறார்கள். பலர் தடுமாறினாலும் காலூன்றிவிடுகிறார்கள். இப்படித் தடுமாற்றத்திலிருந்து நிலைகொள்ளும் திறனை ஆய்வாளர்கள் மீள்திறன் என்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது, அதில் பேச்சுக்கும் தொடர்புக்கும் என்ன பங்கு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மீள்திறன் என்றதும் மன உறுதி என்றுதான் பலரும் பொருள்கொள்கிறோம். சிலருக்கு அது பிறவியிலேயே அமைந்திருக்கிறது, சிலருக்கு அமையவில்லை என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆய்வுகள் காட்டுவது வேறு. ஹவாயின் கவாயி தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல நெருக்கடிகள் ஒருசேர அழுத்திய பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுடைய இயல்பான குணமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பாட்டி, ஆசிரியர், அண்டை வீட்டார் என்று நம்பிக்கையோடு அண்டக்கூடிய பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவுகளில் ஒன்று.

தகவல் தொடர்புத் துறை ஆய்வாளர் பட்ரீஸ் பஸனெல் 2010இல் வெளியிட்ட கட்டுரையில் இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். மீள்திறன் என்பது ஒருவர் தமக்குள் சேர்த்துவைத்திருக்கும் இருப்பு அன்று. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசும்போதும், நடந்ததைக் கதையாகச் சொல்லும்போதும், அடுத்தது என்ன என்று கூடி யோசிக்கும்போதும் உருவாகும் செயல் என்பது அவருடைய வாதம். திடீரென வேலை பறிபோன குடும்பங்களைப் பற்றிய அவருடைய முந்தைய ஆய்வும் இந்தக் கோட்பாட்டுக்கு அடிப்படையாக இருந்தது. அன்றாட வழக்கத்தைப் புதிதாக அமைத்துக்கொள்வது, 'நான் இன்னார்' என்ற பிடிப்பை விடாமல் வைத்திருப்பது, உறவு வலைகளைப் பேணிப் பயன்படுத்துவது, வழக்கமான வழி அடைபடும்போது வேறு விதமாக யோசிப்பது, வருத்தத்தை மறுக்காமலேயே செய்ய வேண்டியதை முன்னே வைப்பது என ஐந்து செயல்களை அவர் எடுத்துக்காட்டினார். புலம்பெயர்ந்தோருக்கென்றே எழுதப்பட்டதில்லை என்றாலும் அவர்களுடைய வாழ்க்கைக்கு இக்கோட்பாடு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ஐந்தும் ஒரே அளவு கனமுள்ளவை அல்ல. என் பார்வையில் உறவு வலையும், மொழியைக் கையாளும் விதமும்தான் மற்றவற்றைத் தாங்கி நிற்கின்றன.

வழக்கமும் அடையாளமும்

புதிய நாட்டில் முதலில் கலைந்துபோவது நாளின் ஒழுங்கு. வேலை நேரம் மாறுகிறது, தட்பவெப்பம் மாறுகிறது, பேச ஆள் இல்லை. இந்த நிலையில் இரவு உணவின்போது 'இன்றைக்கு என்ன நடந்தது' என்று குடும்பத்தில் ஒவ்வொருவரும் சொல்வதும், ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் ஒரே நண்பரை அழைப்பதும் சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் வாழ்க்கை இன்னும் நம் கைக்குள் இருக்கிறது என்ற நினைப்பை இத்தகைய வழக்கங்களே உண்டாக்குகின்றன. பழைய ஒழுங்கு திரும்பி வருவது அரிது. கிடைப்பதைக் கொண்டு புதிய ஒழுங்கு ஒன்றை, அதுவும் பேசிப் பேசித்தான், உருவாக்க வேண்டும்.

அடையாளத்தின் அடி இன்னும் ஆழமானது. பதினைந்து ஆண்டுகள் மருத்துவராக இருந்தவருடைய பட்டத்தைப் புதிய நாடு உடனே ஏற்பதில்லை. தேர்வும் உரிமமும் கிடைக்கும்வரை அவர் கிடங்கில் பெட்டி தூக்கவோ வாடகைக் கார் ஓட்டவோ நேரிடுகிறது. அவரிடம் யாராவது 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கும்போது வரும் பதிலைக் கவனித்தால் மீள்திறன் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும். 'கார் ஓட்டுகிறேன்' என்பது ஒரு பதில். 'நான் மருத்துவர், இங்கே உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இப்போதைக்குக் கார் ஓட்டுகிறேன்' என்பது இன்னொரு பதில். இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டாவது பதில் நேற்றையும் நாளையையும் ஒரே வாக்கியத்தில் கோத்துவிடுகிறது. கேட்பவரும் இனி அவரை அந்தக் கண்கொண்டே பார்க்கிறார், ஒருவேளை தமக்குத் தெரிந்த மருத்துவமனை ஊழியர் ஒருவரைப் பற்றியும் சொல்லிவைக்கிறார்.

நெருங்கியவர்களும் அறிமுகமானவர்களும்

உறவு வலையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மொழியும் பின்புலமும் ஒத்தவர்களோடு உள்ள நெருக்கம் ஒன்று. வேறுபட்டவர்களோடு உள்ள அறிமுகம் மற்றொன்று. வந்திறங்கியவருக்கு முதலில் கைகொடுப்பது முதல் வகைதான். வீட்டை எங்கே பார்ப்பது, எந்தப் படிவத்தை முதலில் நிரப்புவது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது என்பதையெல்லாம் தாய்மொழியில் ஒருவர் சொல்லித் தரும்போது பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது. அங்கே தம்மை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது தனி ஆறுதல்.

இந்த நெருக்கத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றாகவே இருப்பதால் புதிய செய்தி உள்ளே வருவதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் காட்டினார். பாஸ்டன் பகுதியில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, செய்தி சொன்னவரை அடிக்கடி சந்திப்பவர்கள் சுமார் 17 சதவீதத்தினர்தான். மற்ற அனைவரும் எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்திக்கும் ஒருவரிடமிருந்தே அச்செய்தியைப் பெற்றிருந்தார்கள். அவர் ஆராய்ந்தது புலம்பெயர்ந்தோரை அன்று, ஆனால் பாடம் அவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பேருந்து நிறுத்தத்தில் தினமும் பார்ப்பவர், நூலகத்தில் பணிபுரிபவர், பிள்ளையின் வகுப்புத் தோழனுடைய தாய் ஆகியோருடன் பேசும் இரண்டொரு வார்த்தைகளை வெறும் மரியாதைப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வேலையும் வாடகை வீடும் அரசுச் சலுகை பற்றிய தகவலும் அந்த வழியாகவும் வருகின்றன.

நெருங்கிய வட்டத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் விசா விதி மாறிவிட்டது, இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்ற வகைச் செய்திகள் காட்டுத்தீயாய்ப் பரவுகின்றன. அனுப்புகிறவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். ஆனால் யாரோ ஒருவருக்கு நேர்ந்த தனி அனுபவம் பத்துப் பேர் கைமாறுவதற்குள் பொது விதியாகிவிடுகிறது. குடியேற்ற விஷயத்தில் எந்தச் செய்தியையும் அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் சரிபார்க்காமல் அடியெடுத்து வைக்காதிருப்பது நல்லது. அதைக் குழுவிலேயே பண்போடு கேட்டுவிடலாம்: 'அண்ணா, இது எந்த அறிவிப்பில் வந்தது? இணைப்பு இருந்தால் போடுங்களேன்.'

விட்டுவந்த குடும்பத்தோடு

தொலைவிலிருக்கும் குடும்பத்தோடு தொடர்பைப் பேணுவது இந்தக் காலத்துப் பழக்கம் அன்று. வில்லியம் தாமஸும் ஃப்ளோரியன் ஸ்நானியெக்கியும் 1918க்கும் 1920க்கும் இடையில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த போலந்து விவசாயிகளும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான கடிதங்களை ஆதாரமாகக் கொண்டது. அக்கடிதங்களில் ஒவ்வொரு உறவினரையும் தனித்தனியே குறிப்பிட்டு வணங்கி நலம் விசாரிக்கும் பகுதி நீண்டிருக்கும். செய்தி என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பிரிந்திருந்தாலும் குடும்பம் ஒன்றுதான் என்று சொல்வதே அப்பகுதியின் வேலை என்று அவ்விருவரும் விளக்கினார்கள். இன்றைக்குக் காணொளி அழைப்பில் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்று நாள் தவறாமல் கேட்கப்படும் கேள்விகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

இன்று கடிதத்தோடு நின்றுவிடாமல் குரல்பதிவு, குறுஞ்செய்தி, காணொளி எனப் பல வழிகள் ஏறக்குறைய ஒரே செலவில் கிடைக்கின்றன. பிரிட்டனில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் தாய்மாரையும் ஊரில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்த மிர்கா மதியானுவும் டேனியல் மில்லரும், செலவு ஒரு தடையாக இல்லாதபோது எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது என்றார்கள். முகம் காட்டிப் பேச வேண்டியதைக் குறுஞ்செய்தியில் முடித்துக்கொண்டால் மறுமுனையில் இருப்பவர் அதற்கும் ஒரு காரணம் தேடுவார். இன்னொரு சிக்கலும் உண்டு: போனவர் தம் கஷ்டத்தை மறைக்கிறார், ஊரில் இருப்பவர் தம் நோயை மறைக்கிறார். ஒருவரையொருவர் காப்பாற்றத்தான் இந்த மௌனம். ஆனால் பிற்பாடு உண்மை தெரியவரும்போது, அதன்பின் கேட்கும் 'நன்றாக இருக்கிறேன்' ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் விழுந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு ஏதேனும் நேர்ந்தால் மட்டும் மறைப்பதில்லை என்று இரு தரப்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

மொழி போதாதபோது

புதிய மொழியில் சரளம் வந்த பிறகுதான் பேச வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்குச் சரளம் எளிதில் வருவதில்லை. அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் இலக்கணம் அல்ல. 'திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்பதில் உள்ள கூச்சம். இந்தக் கூச்சத்துக்கு மருந்தாக ஓர் ஆய்வு முடிவைச் சொல்லலாம். மார்க் டிங்கமான்ஸவும் பிறரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த 12 மொழிகளில் நடந்த இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தார்கள். தாய்மொழியில் தமக்குத் தெரிந்தவர்களோடு பேசுகிறவர்களே சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை 'என்ன?', 'யார்?', 'அப்படியா சொன்னாய்?' என்று தெளிவு கேட்கிறார்கள். பேச்சு நடக்கும் முறையே அதுதான் என்றால் புதிதாக வந்தவர் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மருத்துவமனையில் வாங்கிய நேரத்தை மாற்றுவதற்காகத் தொலைபேசியில் அழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நேரில் என்றால் முகபாவமும் கைச்சைகையும் துணைக்கு வரும். தொலைபேசியில் குரல் மட்டும்தான். அவர் எண்ணை அழுத்துவதற்கு முன்பே ஒரு தாளில் தம் பெயர், பிறந்த தேதி, இப்போது பதிவாகியுள்ள நாள், வேண்டிய நாள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்கிறார். முதல் வாக்கியத்தை முழுதாகவே எழுதியிருக்கிறார். எதிர்முனையில் பதில் வேகமாக வருகிறது, பாதிதான் புரிகிறது. 'சரி சரி' என்று வைத்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவரோ, 'மன்னிக்கவும், நான் புரிந்துகொண்டது சரியா என்று சொல்லுங்கள்: வியாழக்கிழமை, 14ஆம் தேதி, காலை ஒன்பதரை மணி' என்கிறார். 'இல்லை, பத்தரை' என்று திருத்தம் வருகிறது. 'புரியவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால் எதிர்முனையில் இருப்பவர் அதே வாக்கியத்தை அதே வேகத்தில் இன்னும் உரக்கச் சொல்லியிருப்பார். புரிந்த பகுதியைத் திருப்பிச் சொன்னதால் எந்த இடத்தில் பிசகு என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

குழந்தைகள் மொழியை விரைவில் பிடித்துக்கொள்வதால் பல வீடுகளில் அவர்களே மொழிபெயர்ப்பாளர்களாகிவிடுகிறார்கள். கடைக்கோ பள்ளி அறிவிப்புக்கோ இது பரவாயில்லை. பிள்ளைக்கும் வீட்டுக்கு உதவுகிறோம் என்ற பெருமிதம் உண்டாகிறது. மருத்துவரின் அறையில் நிலைமை வேறு. தாயின் வயிற்று வலியைப் பற்றி மருத்துவர் கேட்கும் அந்தரங்கமான கேள்வியைப் பதினோரு வயது மகன் எப்படிக் கேட்பான்? கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடுவான். பயமுறுத்தும் பதில் வந்தால் 'ஒன்றுமில்லையாம் அம்மா' என்று மென்மையாக்கிவிடுவான். இதனால் ஏற்படும் மருத்துவப் பிழை ஒருபுறமிருக்க, வீட்டின் பெரியவர் யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது. ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. இன்று பல நாடுகளின் மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தருகின்றன. ஆனால் பல இடங்களில் கேட்டால்தான் அது கிடைக்கிறது. ஆகவே புதிய மொழியில் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியங்களில் 'எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்பதும் ஒன்று.

அடைபட்ட வழியும் அடக்கிய வருத்தமும்

உள்ளூர் அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை என்பார்கள். வேலை இல்லாமல் உள்ளூர் அனுபவம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இருக்காது. பஸனெல் குறிப்பிடும் வேறு விதமான யோசனை இத்தகைய இடத்தில்தான் கைகொடுக்கிறது. விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்புவதை விட்டு, தம் துறையில் உள்ள ஒருவரிடம் வேலை கேட்காமல் அரை மணி நேரம் பேச நேரம் கேட்பதும், தன்னார்வப் பணியில் சேர்ந்து பரிந்துரைக்க ஓர் ஆளைத் தேடிக்கொள்வதும் அந்த வகை. இந்த அபத்தத்தைச் சொல்லிச் சிரிப்பதும் அதில் சேர்த்திதான்.

வருத்தத்தைப் பற்றி ஒரு தவறான அறிவுரை பரவலாக உலவுகிறது: நல்லதையே நினை, குறையைப் பேசாதே. பஸனெல் சொல்வது அதுவன்று. கோபமும் ஏக்கமும் நியாயமானவை என்று ஒப்புக்கொண்டு, அவற்றைக் கொஞ்சம் பின்னே தள்ளி, ஆக வேண்டியதை முன்னே கொண்டுவருவதே அவர் காட்டும் வழி. குறிப்பாக, புலம்பெயர்ந்தோரின் இழப்புக்குப் பெயரிடுவதே கடினம். யாரும் இறந்துவிடவில்லை, வீடு அங்கேயே இருக்கிறது, அம்மாவின் குரல் தினமும் கேட்கிறது, ஆனாலும் எல்லாம் கைக்கெட்டாமல் போய்விட்டது. இருக்கிறதா இல்லையா என்று தீராத இத்தகைய இழப்பை ஆராய்ந்த பாலின் பாஸ், அதற்குச் சடங்கும் இல்லை, முடிவும் இல்லை என்பதால் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்று காட்டினார். அதைப் புரிந்துகொள்ளும் ஒருவரிடம் சொல்ல முடிவது பெரிய விடுதலை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால் நண்பரிடம் சொல்வது போதாது, மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இந்த வருத்தம் ஒரு கால அட்டவணைப்படி தீர்ந்துவிடும் என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. ஸ்வெர்ரே லீஸ்கார்ட் 1955இல், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வே நாட்டவரை ஆராய்ந்து, தொடக்க உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மீட்சி என்ற வளைவை முன்வைத்தார். எல்லோருடைய அனுபவமும் அந்த வளைவுக்குள் அடங்குவதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன. பலருக்கு முதல் மாதமே மிகக் கடினமானதாக இருக்கிறது. யங் யுன் கிம் தந்த விளக்கம் அனுபவத்துக்கு நெருக்கமானது: அழுத்தம் வருகிறது, சற்றுப் பின்வாங்குகிறோம், கற்றுக்கொண்டு முன்னேறுகிறோம், மீண்டும் அழுத்தம் வருகிறது. ஐந்தாம் ஆண்டில் திடீரென்று மனம் சோர்ந்தால் அதற்காகத் தோற்றுவிட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை.

கேட்பவரின் பங்கு

இவ்வளவும் புலம்பெயர்ந்தவர் செய்வதைப் பற்றியது. பேச்சு என்றால் இருவர் வேண்டும் அல்லவா? டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பதிவுசெய்த ஒரே உரையை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார். சிலருக்கு அதனுடன் ஒரு வெள்ளையினப் பெண்ணின் படமும், மற்றவர்களுக்கு ஓர் ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. குரலில் எள்ளளவும் மாற்றமில்லை. இருந்தும் ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் உரையைக் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். 'உன் உச்சரிப்பு விளங்கவில்லை' என்ற குறை எல்லா நேரமும் பேசுபவருடையது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உளவியலாளர் ஜான் பெர்ரி, தம் பண்பாட்டையும் பேணிக்கொண்டு புதிய சமூகத்தோடும் கலந்து வாழ்பவர்களே பொதுவாக நன்கு பொருந்திக்கொள்கிறார்கள் என்று கண்டவர். ஆனால் ஏற்கும் சமூகம் கதவைத் திறந்து வைத்திருந்தால்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதையும் அவரே வலியுறுத்தினார். மீள்திறனைப் பற்றிப் பேசும்போது இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், சம்பளம் தராத முதலாளியையும் வீடு தர மறுக்கும் உரிமையாளரையும் விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரைப் பார்த்து 'நீ இன்னும் உறுதியாக இரு' என்று சொல்வதில்தான் போய் முடியும். எளிய மொழியில் எழுதிய படிவம், பொறுமையாகக் கேட்கும் அலுவலர், பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் ஆசிரியர் ஆகியோரும் மீள்திறனின் பகுதிகளே.

பஸனெலின் கோட்பாட்டைப் பிற்பாடு விரித்தவர்கள், மீள்திறன் அடி விழுந்த பிறகு மட்டும் உருவாவதில்லை, வரக்கூடியதை எதிர்பார்த்துப் பேசி வைத்துக்கொள்வதிலும் உருவாகிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். நடைமுறையில் இது மிக எளிய வேலை. குடும்பத்தோடு ஒரு மாலை உட்கார்ந்து, நள்ளிரவில் ஆம்புலன்ஸ் அழைக்க நேர்ந்தால் யார் பேசுவது, வீட்டு முகவரியைப் புதிய மொழியில் எப்படிச் சொல்வது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நம்மைத் தவிர வேறு யாருடைய பெயர் பதிவாகியிருக்க வேண்டும், ஊரில் யாருக்கு முதலில் தகவல் சொல்வது என்று பேசி முடிவுசெய்யலாம். பிறகு அவற்றையும், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும், ஒவ்வாத மருந்துகளையும் இரண்டு மொழிகளிலும் ஒரு தாளில் எழுதிக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், தொண்டை அடைத்துப் பேச்சு வராத நேரத்தில் அந்தப் படத்தைக் காட்டினாலே போதும்.